பிராக் நகரின் லோப்கோவிட்ஸ் அரண்மனை தூதரகமாகவே இருக்க வேண்டுமா?

கேள்வி: வடக்குவீதி

அனைவருக்கும் வணக்கம். வரும் இளவேனிற்காலத்தில் பிராக் நகருக்குச் செல்லவிருக்கிறேன். அதற்காக அந்நகரின் பரோக் பாணிக் கட்டடங்களைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். கோட்டைக்குன்றின் சரிவில் அமைந்த மாலா ஸ்திரானா பகுதியின் வரைபடத்தில், பார்க்க விரும்பும் அரண்மனைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன். அவற்றில் பாதிக்கு மேல் ஏதேனும் ஒரு வெளிநாட்டின் தூதரகமாக இருப்பதைக் கண்டு வியப்பும், உண்மையைச் சொன்னால் சற்று எரிச்சலும் ஏற்பட்டன. ஷேன்போர்ன் அரண்மனை அமெரிக்காவிடமும், துன் அரண்மனை பிரிட்டனிடமும், புக்குவா அரண்மனை பிரான்சிடமும், மோர்சின் அரண்மனை ருமேனியாவிடமும் இருக்கின்றன. நான் எல்லாவற்றிலும் மேலாகப் பார்க்க விரும்பிய லோப்கோவிட்ஸ் அரண்மனையோ ஜெர்மனியின் தூதரகம்.

இத்தனை அரண்மனைகள் எவ்வாறு அயல்நாடுகளின் பயன்பாட்டுக்குச் சென்றன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். இதனோடு இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். 1989ஆம் ஆண்டு, ஜெர்மனி இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்தபோது, கம்யூனிச நாடான கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் இந்த லோப்கோவிட்ஸ் அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்தனர் என்று எல்லா வழிகாட்டி நூல்களிலும் இரண்டு வரிகள் இருக்கின்றன. அது தூதரகமாக இருந்ததால் மட்டும் நடந்த நிகழ்வா, அல்லது அரண்மனையின் அமைப்புக்கும் அதில் ஏதேனும் பங்கு உண்டா? ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் தூதரகம் இயங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்குமா? பங்கு எதுவும் இல்லையெனில், இப்படியொரு கலைச்செல்வத்தை அருங்காட்சியகமாக்கி எல்லோருக்கும் திறந்துவிடாமல் கம்பி வேலிக்குள் வைத்திருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

மறுமொழி: கற்றளி

வணக்கம். கட்டடத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் விடை தர முயல்கிறேன்.

விளாஷ்ஸ்கா தெருவில் உள்ள இந்த அரண்மனையை 18ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில், பிரெஹோர்ஷோவ்ஸ்கி என்னும் பிரபுவுக்காக, ஜொவான்னி பத்திஸ்தா அலிப்ராந்தி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். அந்தத் தெருவும் அதன் சுற்றுப்புறமும் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே இத்தாலியக் கொத்தர்களும் சிற்பிகளும் குடியிருந்த பகுதி என்பதால், ஓர் இத்தாலியர் இங்கே வந்து கட்டியதில் வியப்பேதும் இல்லை. கட்டியவர் குடும்பத்திடம் அது நெடுங்காலம் தங்கவில்லை. கைமாறிச் சென்று, 1753இல் திருமண உறவின் வழியாக லோப்கோவிட்ஸ் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று நாம் அழைக்கும் பெயர் அந்தக் குடும்பத்தின் பெயரே.

இந்தக் கட்டடத்தின் முழு அழகும் தெருப்பக்கத்தில் இல்லை. தெருவிலிருந்து பார்த்தால், நீளமான, கம்பீரமான, ஆனால் அந்தப் பகுதியில் உள்ள பிற மாளிகைகளை விட்டு வெகுவாக விலகாத ஒரு முகப்பையே காண்பீர்கள். அலிப்ராந்தி தம் துணிச்சலையெல்லாம் தோட்டப்பக்கத்தில் காட்டியிருக்கிறார். அங்கே கட்டடத்தின் நடுப்பகுதி தட்டையாக இராமல், ஓர் உருளையைப் போலப் புடைத்து வெளியே வருகிறது. இருபுறமும் பக்கக்கட்டுகள் அதைத் தாங்கி நிற்கின்றன. பாரிஸ் நகரின் லூவர் அரண்மனைக்காக இத்தாலியக் கட்டடக் கலைஞர் பெர்னினி வரைந்து, கட்டப்படாமலேயே போன திட்டத்தின் தாக்கம் இதில் இருப்பதாகக் கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். பாரிசில் கட்டப்படாத ஒரு கருத்து, பிராக்கின் ஒரு குன்றுச் சரிவில் சிறிய அளவில் உயிர்பெற்றது என்பதே இந்தக் கட்டடத்தை நான் விரும்புவதற்கான முதற்காரணம். 1760களின் இறுதியில் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பின் இக்னாஸ் பலியார்டி என்பவர் பக்கக்கட்டுகளின் மேல் இன்னொரு தளத்தை எழுப்பினார். அதனால் நடுவில் உள்ள உருளை முன்பு போல ஓங்கித் தெரியவில்லை. என் பார்வையில் அது ஓர் இழப்புதான். ஆனால் இடத் தேவை அழகைவிட வலியது என்பது பிரபுக்களின் வீட்டுக்கும் பொருந்தும்.

தோட்டம் கட்டடத்தின் பின்னால் தொடங்கி, பெத்ர்ஷீன் குன்றின் சரிவில் மேலே ஏறிச் செல்கிறது. தொடக்கத்தில் பரோக் முறைப்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருந்த அது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மாற்றங்களால், புல்வெளிகளும் பெருமரங்களும் கொண்ட ஆங்கிலேய இயற்கைப் பூங்காவாக உருமாறியது. இந்தத் தோட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1989ஐப் பற்றி எழுதுபவர்கள் அதற்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும்.

தூதரகங்கள் ஏன் இங்கே குவிந்தன என்பதற்குக் காரணம் எளியது. 1918இல் செக்கோஸ்லோவாகியா என்ற புதிய குடியரசு பிறந்தபோது, பிரபுப் பட்டங்கள் அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டத்தால் நீக்கப்பட்டன. அடுத்து வந்த நிலச்சீர்திருத்தம், அந்த மாளிகைகளைப் பராமரிக்கப் பணம் தந்துகொண்டிருந்த பெரும்பண்ணைகளைக் குறைத்தது. அதே வேளையில், இதுவரை வியன்னாவில் மட்டும் தூதர்களை வைத்திருந்த நாடுகளுக்கெல்லாம் பிராக்கில் திடீரென இடம் தேவைப்பட்டது. குடியரசுத் தலைவரின் இருப்பிடமோ கோட்டைக்குன்றின் மேல். அதன் அடிவாரத்தில் விற்கவும் வாடகைக்கு விடவும் காத்திருந்த பெரிய வீடுகள் இருந்தன. அமெரிக்கா ஷேன்போர்ன் அரண்மனையை 1925இல் வாங்கியது. (1917இல் எழுத்தாளர் காஃப்கா அதில்தான் வாடகைக்குக் குடியிருந்தார், காசநோயின் முதல் இரத்தக்கசிவு அவருக்கு அங்கே ஏற்பட்டது.) லோப்கோவிட்ஸ் அரண்மனையை 1927இல் அரசே வாங்கி, வேறு பயன்பாடுகளுக்கு வைத்திருந்தது. மேற்கு ஜெர்மனிக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் 1973 டிசம்பரில் பிராக் உடன்பாடு கையெழுத்தாகி, தூதரக உறவு ஏற்பட்ட பின், 1974இல் அது மேற்கு ஜெர்மனியின் தூதரகமாயிற்று.

மறுமொழி: எல்லைக்கல்

கற்றளி அவர்கள் தோட்டத்தை நினைவில் வைக்கச் சொன்னது சரி. முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த ட்ரெஸ்டன் நகரில் நான் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கே 1989ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பிராக்கின் பெயர் வராமல் பேச்சு முடியாது. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அன்று கிழக்கு ஜெர்மனியின் குடிமக்கள் மேற்கே செல்ல முடியாது. ஆனால் 1972 முதல் செக்கோஸ்லோவாகியாவுக்கு விசா இல்லாமல் செல்ல முடியும். மேற்கு ஜெர்மனியோ, கிழக்கில் வாழ்பவர்களையும் ஜெர்மானியக் குடிமக்களாகவே தன் அரசமைப்புச் சட்டப்படி கருதியது. ஆகவே கிழக்கு ஜெர்மானியர் ஒருவர் பிராக்கில் உள்ள மேற்கு ஜெர்மானியத் தூதரகத்துக்குள் காலடி வைத்துவிட்டால், அந்தத் தூதரகத்தின் பார்வையில் அவர் அகதி அல்லர், உதவி கோரும் சொந்தக் குடிமகன். செக்கோஸ்லோவாக்கிய அரசின் பார்வையில் அவர் நட்பு நாடொன்றின் குடிமகன். அவரை மேற்கே அனுப்புவதில்லை என்று அந்த அரசு கிழக்கு பெர்லினுக்கு, அதாவது கிழக்கு ஜெர்மனியின் அரசுக்கு, வாக்குக் கொடுத்திருந்தது. உள்ளே சென்றவரை வெளியேற்றவும் முடியாது, மேற்கே அனுப்பவும் முடியாது என்ற முடிச்சு இப்படித்தான் விழுந்தது. 1984இலேயே நூற்றுக்கும் மேற்பட்டோர் இதே அரண்மனைக்குள் புகுந்து வெளியேற மறுத்தனர். அப்போது கிழக்கு பெர்லினைச் சேர்ந்த வோல்ஃப்காங் ஃபோகல் என்ற வழக்கறிஞர் வழியாக, நாடு திரும்பினால் தண்டனை இராது என்றும் வெளியேறும் விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படும் என்றும் உறுதியளித்து, ஓசையின்றி முடித்துவைத்தார்கள்.

1989இல் அந்த வழி பலிக்கவில்லை. கோடைக்காலத்தில் வந்தவர்களின் எண்ணிக்கை பெருகியதால், ஆகஸ்டு மாதப் பிற்பகுதியில் தூதரகம் பொதுமக்களுக்கு வாசலை மூடியது. செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி ஆஸ்திரியாவுடனான தன் எல்லையைக் கிழக்கு ஜெர்மானியர்களுக்குத் திறந்துவிட்டது. அதைக் கண்ட கிழக்கு பெர்லின், ஹங்கேரிக்குச் செல்லும் பயண அனுமதிகளை இறுக்கியது. ஆகவே, பாதி வழியில் நின்றவர்களுக்கும், இனிப் புறப்படலாம் என்று எண்ணியவர்களுக்கும் பிராக் ஒன்றே எஞ்சியது.

இங்கேதான், வடக்குவீதி அவர்களே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. தெருப்பக்கத்து வாசல் மூடப்பட்டிருந்தது, காவலர்கள் நின்றார்கள். ஆனால் தோட்டம் குன்றின் மேல் நீண்டு கிடந்தது. அதன் எல்லையில் இருந்தது ஓர் இரும்பு வேலி மட்டுமே. மக்கள் விளாஷ்ஸ்கா தெருவில் ஏறி, பின்பக்கத்துக்குச் சுற்றி வந்து, முதலில் பெட்டிகளையும் பின்னர்க் குழந்தைகளையும் வேலிக்கு மேலே கைமாற்றி, இறுதியில் தாமும் ஏறிக் குதித்தார்கள். சில வேளைகளில் செக்கோஸ்லோவாக்கியக் காவலர்கள் ஏறுபவர்களின் காலைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த வேலியைத் தொட்டபடி எடுக்கப்பட்ட புகைப்படங்கள் அன்று உலகமெங்கும் வெளிவந்தன. அவர்கள் விட்டுச்சென்ற, கிழக்கு ஜெர்மனியில் தயாரான டிராபண்ட் கார்கள், சாவியோடும் சாவியின்றியும், மாலா ஸ்திரானாவின் தெருக்களில் நின்றன.

உள்ளே இருந்த நிலை இன்னொரு செய்தி. விருந்தளிப்பதற்கென்று கட்டப்பட்ட கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. அகலமான கல் படிக்கட்டுகளிலும் மக்கள் முறைவைத்து உறங்கினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் தோட்டத்தில் கூடாரங்களை அமைத்தது. செப்டம்பர் மழையில் ஆங்கிலேயப் புல்வெளி முழுவதும் முழங்கால் அளவுச் சேறாயிற்று. கழிப்பறைகளுக்கு நீண்ட வரிசைகள். குழந்தைகளிடையே நோய் பரவிவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. தூதர் ஹெர்மன் ஹூபரும் அவருடைய ஊழியர்களும் ஒரு சிறு நகராட்சியையே நடத்தும் நிலைக்கு வந்துவிட்டார்கள். செப்டம்பர் இறுதியில் ஃபோகல் மீண்டும் வந்து, திரும்பிச் சென்றால் சில மாதங்களுக்குள் முறைப்படி வெளியேற அனுமதி கிடைக்கும் என்றார். சிலர் ஏற்றுக்கொண்டனர்; பெரும்பாலோர் அசையவில்லை. செப்டம்பர் 30 அன்று உள்ளே ஏறத்தாழ 4,000 பேர் இருந்தனர்.

அன்று மாலைதான் மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ஹான்ஸ்-டீட்ரிஷ் கென்ஷர் வந்தார். அவருடன் பிரதமர் அலுவலக அமைச்சர் ருடோல்ஃப் சைட்டர்சும் வந்திருந்தார். கென்ஷர் அந்த ஆண்டு ஜூலையில்தான் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தார்; அந்த உடல்நிலையிலேயே நியூயார்க் சென்று, ஐ.நா. பொதுச்சபையின் ஓரத்தில் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்ட்நாட்சேயையும் கிழக்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சரையும் சந்தித்துப் பேசிவிட்டுத் திரும்பியிருந்தார். அவரே கிழக்கில் ஹாலே நகருக்கு அருகில் பிறந்து, 1952இல் மேற்கே வந்தவர் என்பதைக் கூட்டத்தில் பலர் அறிந்திருந்தனர். மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பாக, தோட்டத்தைப் பார்த்த மாடத்தில் நின்று, 'இன்று உங்கள் வெளியேற்றம் குறித்து அறிவிக்கவே உங்களிடம் வந்திருக்கிறோம்' என்ற பொருள்படத் தொடங்கினார். வெளியேற்றம் என்ற சொல் வந்ததுமே எழுந்த ஆரவாரத்தில் அந்த வாக்கியத்தின் மீதி எவர் காதிலும் விழவில்லை.

அந்த மாடம், கற்றளி அவர்கள் எழுதிய உருளை வடிவப் பகுதியின் பக்கத்தில் இருப்பது. பிரபு தம் தோட்டத்தைப் பார்த்து நிற்பதற்காகக் கட்டிய இடம், கீழே நிற்கும் பெருங்கூட்டத்திடம் பேசுவதற்கு அன்று பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆனால் இதை நான் மிகையாகச் சொல்ல விரும்பவில்லை. அதே கோடையில் புடாபெஸ்டில் தூதரகம் மூடப்பட்டபோது, ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் வளாகம் மக்களுக்கு அடைக்கலம் தந்தது. வார்சாவில் தூதரகத்துக்கு வந்தவர்களைப் போலந்து அரசின் உதவியோடு பிற இடங்களில் தங்க வைத்தார்கள். மறுபுறம், கிழக்கு பெர்லினிலேயே இருந்த மேற்கு ஜெர்மானிய நிரந்தரப் பிரதிநிதி அலுவலகம் ஒரு நகரத் தெருவில் இருந்த சாதாரணக் கட்டடம். ஏறத்தாழ 130 பேர் உள்ளே வந்ததுமே, ஆகஸ்டு 8 அன்று, அது வாசலை மூட வேண்டியதாயிற்று. மூடிய பின் ஏறிக் குதிக்க அங்கே தோட்டமும் இல்லை, குதித்தவரைத் தங்க வைக்கக் கூடமும் இல்லை. ஆகவே, முடிச்சு விழுந்ததற்குச் சட்டமும் அரசியலும் காரணம். ஆனால் அது 4,000 பேர் அளவுக்குப் பெருகி, உலகமே பார்க்கும் நெருக்கடியாக மாறியதற்கு அந்த அரண்மனையின் பரப்பும் அந்த வேலியும் காரணம் என்பதே என் கருத்து.

மறுமொழி: சட்டப்பார்வை

எல்லைக்கல் அவர்களின் விளக்கத்தோடு ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். ஏனெனில் இந்த இழையைப் படிப்பவர்கள் பலர், தூதரகம் என்பது அந்த நாட்டின் மண் என்று எண்ணிக்கொண்டு படிக்கக்கூடும்.

லோப்கோவிட்ஸ் அரண்மனை நின்ற நிலம் 1989இலும் செக்கோஸ்லோவாக்கியாவின் நிலமே. தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 22ஆம் விதியில், தூதரகத்தின் தலைவர் ஒப்புக்கொண்டாலன்றி அது அமைந்துள்ள நாட்டின் அலுவலர்கள் அதனுள் நுழையக் கூடாது என்று கூறுகிறது. நுழைய முடியாதது வேறு, நிலத்தின் மேலுள்ள இறைமை வேறு. தோட்டத்துக்குள் ஒரு குற்றம் நடந்திருந்தால் செக்கோஸ்லோவாக்கியச் சட்டமே பொருந்தியிருக்கும்; அதைச் செயற்படுத்த எவரும் உள்ளே வர முடியாது, அவ்வளவே. அந்த விதியின் காவல் கட்டடத்தோடு நின்றுவிடாமல், அதைச் சார்ந்த நிலத்துக்கும் பொருந்தும் என்பது இங்கே முதன்மையானது. வேலிக்கு வெளியே காலைப் பிடித்து இழுத்த காவலர், வேலிக்கு உள்ளே விழுந்தவரைத் தொட முடியாமல் நின்றதற்கு அதுவே காரணம்.

அதே உடன்படிக்கை தூதரகங்களில் தஞ்சமளிக்கும் பொது உரிமை எதையும் தரவில்லை. தூதரகத்தை அதன் பணிகளுக்கு ஒவ்வாத வகையில் பயன்படுத்தக் கூடாது என்று 41ஆம் விதி சொல்கிறது. தஞ்சம் புகுந்தவர் உள்ளே பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் பாதுகாப்பாக வெளியே செல்ல வழிவிடும் கடமை தூதரகம் அமைந்துள்ள நாட்டுக்கு இல்லை. புடாபெஸ்டில் கர்தினால் மின்ட்செந்தி 1956 முதல் 1971 வரை அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே வாழ்ந்தது இதனால்தான். பெருவின் அரசியல் தலைவர் ஆயா தெ லா தோர்ரே லிமாவில் உள்ள கொலம்பியத் தூதரகத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அவர் வழக்கு பன்னாட்டு நீதிமன்றம் வரை சென்றும் முடிச்சு எளிதில் அவிழவில்லை. பிராக்கில் அது சில வாரங்களில் அவிழ்ந்ததற்குக் காரணம், தனி மனிதர் ஒருவரைப் பதினைந்து ஆண்டுகள் ஓர் அறையில் வைத்திருக்கலாம், 4,000 பேரைச் சேற்றில் வைத்திருக்க முடியாது என்பதே. அந்த வகையில் பரப்பைப் பற்றிய எல்லைக்கல் அவர்களின் வாதத்தை நானும் ஏற்கிறேன்.

வடக்குவீதி (கேள்வி எழுப்பியவர்)

இவ்வளவு விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. எல்லைக்கல் அவர்களிடம் ஒரு துணைக்கேள்வி. பிராக்கிலிருந்து மேற்கு ஜெர்மனியின் பவேரியா எல்லை நேரே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த மக்களை ஏற்றிய தொடர்வண்டிகள் வடக்கே சென்று, கிழக்கு ஜெர்மனியின் வழியாகச் சுற்றிக்கொண்டு மேற்கே சென்றன என்று படித்தேன். தப்பி ஓடி வந்தவர்களை, அவர்கள் தப்பி ஓடிய நாட்டின் வழியாகவே அனுப்ப எப்படி எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்?

மறுமொழி: எல்லைக்கல்

அது கிழக்கு பெர்லினின் நிபந்தனை. அக்டோபர் 7 அன்று கிழக்கு ஜெர்மனி தன் 40ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாட இருந்தது. அதற்குள் பிராக் காட்சிகள் தொலைக்காட்சிகளிலிருந்து மறைய வேண்டும். அதே வேளையில், மக்கள் தப்பிவிட்டார்கள் என்று சொல்லவும் கூடாது. தன் நிலத்தின் வழியாக வண்டி சென்றால், தானே அவர்களைக் குடியுரிமை நீக்கி வெளியேற்றியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கரின் கணக்கு.

மாடத்திலிருந்து இந்த வழித்தடத்தைச் சொன்னபோது ஆரவாரம் அடங்கி அச்சம் பரவியது. வண்டியை நடுவழியில் நிறுத்தி இறக்கிவிடுவார்கள் என்று பலரும் அஞ்சினார்கள். கென்ஷர் தம் சொந்தப் பொறுப்பில் உறுதியளித்தார். அவரைத் தொடர்வண்டியில் ஏற கிழக்கு பெர்லின் விடவில்லை. மேற்கு ஜெர்மானிய உயர் அலுவலர்கள் ஒவ்வொரு வண்டியிலும் உடன் சென்றார்கள். பேருந்துகளில் பிராக்கின் லிபென் தொடர்வண்டி நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அன்றிரவே ஆறு தொடர்வண்டிகளில் ட்ரெஸ்டன் வழியாக அவர்கள் பவேரியாவின் ஹோஃப் நகரை அடைந்தார்கள். வழியில் கிழக்கு ஜெர்மானியப் பாதுகாப்புத் துறையினர் ஏறி அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டனர். சிலர் கையிலிருந்த கிழக்கு ஜெர்மானிய நாணயத்தையும் வீட்டுச் சாவிகளையும் சன்னல் வழியே வீசி எறிந்தார்கள். அக்டோபர் 2 அன்று ஆளுங்கட்சி நாளிதழில், போனவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் சிந்த வேண்டியதில்லை என்று அச்சிட்டார்கள். அந்த வரியை ஹோனெக்கரே சேர்த்தார்.

கணக்கு பொய்த்துப்போனது. முதல் வண்டிகள் சென்றதைக் கேட்டதும் தூதரகம் மறுபடியும் நிரம்பியது. இம்முறை முன்பைவிட அதிகமானோர் வந்தனர். அக்டோபர் 3 அன்று கிழக்கு ஜெர்மனி செக்கோஸ்லோவாக்கியாவுக்கான விசா இல்லாப் பயணத்தையே நிறுத்தியது. மறுநாள் இரவு இரண்டாம் முறையாக வண்டிகள் ட்ரெஸ்டன் வழியாக வரவிருந்தபோது, அவற்றில் ஏறிவிட எண்ணி ஆயிரக்கணக்கானோர் எங்கள் ஊர் மத்திய நிலையத்தில் திரண்டார்கள். காவல் துறையினரோடு பெரும் மோதல் ஏற்பட்டது. வண்டிகளை நேர்வழியில் பவேரியாவுக்கு அனுப்பியிருந்தால் அந்த மோதலே நிகழ்ந்திராது என்று இங்கே பலரும் இன்றும் சொல்வார்கள். நவம்பர் தொடக்கத்தில் எல்லை மீண்டும் திறக்கப்பட்டு, தூதரகம் மூன்றாம் முறையாக நிரம்பியபோது, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து நேராக மேற்கே செல்ல அனுமதி கிடைத்துவிட்டது. அதன் பின் பெர்லின் சுவருக்குக் காக்க எதுவும் மிச்சம் இல்லை; நவம்பர் 9 அன்று அதுவும் திறந்தது.

மறுமொழி: முசிறி

நிகழ்வின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வடக்குவீதி அவர்கள் முதலில் கேட்ட கேள்வி பின்தள்ளப்பட்டுவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. 1989இல் அந்த அரண்மனை தூதரகமாக இருந்ததால் நன்மை விளைந்தது என்பது, இன்றும் அது தூதரகமாகவே இருக்க வேண்டும் என்பதற்கு வாதமாகாது. பிராக்கின் பழைய நகரப்பகுதி முழுவதும் 1992 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. உலகத்தின் பொதுச் சொத்து என்று பெயர் சூட்டிவிட்டு, அதன் மிகச் சிறந்த கூடங்களை அழைப்பிதழ் பெற்றவர்கள் மட்டும் பார்க்கலாம் என்பது முரண்பாடாகவே எனக்குப் படுகிறது. கென்ஷர் நின்ற மாடத்தைக் காண விரும்பும் ஓர் இளம் ஜெர்மானியரும்கூட வேலிக்கு வெளியே நின்று எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறதே! சட்டப்பார்வை அவர்கள் சொன்ன நுழைவுத் தடையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பாரம்பரியச் சின்னங்களைக் கண்காணிக்கும் அலுவலர் ஒருவர், சுவர் ஓவியம் சிதைகிறதா என்று பார்க்கவும் தூதரின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டும்.

மறுமொழி: கற்றளி

முசிறி அவர்களின் ஆதங்கத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தூதரகங்கள் உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று அந்த 41ஆம் விதியே சொல்கிறது. அதில் பாரம்பரியச் சட்டமும் அடங்கும். ஆனால் மதிக்காத தூதரகத்தின் மேல் வழக்கமான அதிகாரம் எதையும் செலுத்த முடியாது என்பது உண்மைதான்.

இருப்பினும், அருங்காட்சியகம் ஒன்றே இத்தகைய கட்டடத்துக்குக் கௌரவமான முடிவு என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மாளிகைகள் தொடக்கத்திலேயே விருந்தினரை வரவேற்கவும், பேச்சு நடத்தவும், ஒருவரை ஒருவர் வியக்கவைக்கவும் கட்டப்பட்டவை. இன்றைக்கு அதே வேலையைச் செய்யும் குடியிருப்பாளர் தூதரகத்தைத் தவிர வேறு யார்? 1988 டிசம்பரில் பிரெஞ்சு அதிபர் மித்தரான் பிராக்குக்கு வந்தபோது, புக்குவா அரண்மனையில் உள்ள தம் தூதரகத்தில் எழுத்தாளர் ஹாவெல் உள்ளிட்ட, கம்யூனிச அரசின் எதிர்ப்பாளர்களைக் காலை உணவுக்கு அழைத்தார். ஓராண்டு கழித்து ஹாவெல் குடியரசுத் தலைவரானார். அருங்காட்சியகமாக இருந்த கட்டடத்தில் அந்தக் காலை உணவு நடந்திருக்காது. மேலும், அலுவலகமாகவோ கிடங்காகவோ பிரிக்கப்பட்டுத் தடுப்புச்சுவர்களால் சிதைந்த அரண்மனைகளோடு ஒப்பிட்டால், பெரிய கூடங்களைப் பெரிய கூடங்களாகவே வைத்திருக்கும் குடியிருப்பாளர் கிடைப்பது அரிது.

வடக்குவீதி அவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. கோட்டை வளாகத்துக்குள்ளேயே இன்னொரு லோப்கோவிட்ஸ் அரண்மனை இருக்கிறது. அதைத்தான் பயணச்சீட்டு விற்கும் தளங்கள் காட்டும். 2002இல் அது லோப்கோவிட்ஸ் குடும்பத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டு, 2007இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பீட்டர் புரூகலின் வைக்கோல் அறுவடை ஓவியமும் பீத்தோவனின் இசைக்குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் 1989இன் அரண்மனை அதுவன்று.

தூதரகத்தைக் காண விளாஷ்ஸ்கா தெருவிலேயே மேலே ஏறிச் செல்லுங்கள். முகப்பைத் தாண்டி, தோட்டத்தின் ஓரமாக இடப்பக்கம் திரும்பும் வழியில் பெத்ர்ஷீன் குன்றின் பக்கம் சென்றால், பின்வேலியை அடைவீர்கள். அங்கிருந்து உருளை வடிவ நடுப்பகுதியும் மாடமும் தெருப்பக்கத்தைவிட நன்றாகத் தெரியும். வேலிக்கு உள்ளே புல்வெளியில், நான்கு கால்களோடு நிற்கும் ஒரு டிராபண்ட் கார் இருக்கும். செக் சிற்பி தாவித் செர்னி 1990இல் உருவாக்கி முதலில் பழைய நகரச் சதுக்கத்தில் வைத்த சிற்பத்தின் வெண்கலப் படி அது. 2001 முதல் தோட்டத்தில் இருக்கிறது. அசல் சிற்பம் லைப்சிக் நகரின் சமகால வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இளவேனிலின் தொடக்கத்திலேயே சென்றுவிடுங்கள்; மரங்கள் தழைத்துவிட்டால் மாடத்தின் பெரும்பகுதி இலைகளுக்குப் பின்னால் போய்விடும்.